எதிரி நிலத்தில் விழுந்தவனைத் தூக்கி வர: மீட்பு ஹெலிகாப்டர் வளர்ந்த கதை

சுங்கை சிப்புட்டில் படிவம் ஐந்து படிக்கும் தம்பி ஒருவர் என்னிடம் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறார். "போர்க்களத்தில் விழுந்த விமானியை மீட்க என்று தனி ஹெலிகாப்டர் எதற்கு? இருக்கிற ராணுவ ஹெலிகாப்டரில் ஒரு வின்சை மாட்டிவிட்டால் போதாதா?" என்பது முதல் கேள்வி. "இனிமேல் ட்ரோனே போய் ஆளைத் தூக்கி வந்துவிடாதா?" என்பது இரண்டாவது. ஹெலிகாப்டர் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தம்பி, உங்கள் முதல் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. பேர் வாங்கிய போர்க்கள மீட்பு ஹெலிகாப்டர்களில் பெரும்பாலானவை வேறு வேலைக்காகப் பிறந்தவைதான். சரக்கு ஏற்றுவதற்கு, பட்டாளத்தை இறக்குவதற்கு, ஓடுபாதையில் விபத்து நடந்தால் தீயை அணைப்பதற்கு என்று செய்ததை எடுத்துத்தான் மீட்புக்கு மாற்றினார்கள். ஆனால் மாட்டியது வின்ச், அதாவது கேபிளை இறக்கி ஆளைத் தூக்கும் இயந்திரம், மட்டும் இல்லை. ஒவ்வொரு போரிலும் எதனால் ஆளைக் காப்பாற்ற முடியாமல் போனதோ, அதைச் சரிசெய்ய ஏதாவது ஒன்று ஏறிக்கொண்டே வந்தது. கவசத் தகடு, கூடுதல் எரிபொருள், துப்பாக்கி, இரவில் பார்க்கும் கருவி. ஏறியது எல்லாம் எடை. எடை கூடினால் அந்தரத்தில் நிற்கும் திறன் குறையும். மீட்பு வேலையின் உயிரே அந்தரத்தில் நிற்பதில்தான் இருக்கிறது. இந்த இழுபறியைப் பிடித்துக்கொண்டால் 80 வருட வரலாறும் புரிந்துவிடும்.

ஹெலிகாப்டர் ஓரளவு வேகத்தில் முன்னால் போகும்போது மேலே சுழலும் ரோட்டருக்குள் புதுக்காற்று வந்துகொண்டே இருக்கும். அப்போது எஞ்சினுக்குச் சிரமம் குறைவு. ஒரே இடத்தில் நிற்கும்போதுதான் அதிக சக்தி வேண்டும். தரையை ஒட்டி நின்றால் கீழே தள்ளப்படும் காற்று தரையில் பட்டுக் கொஞ்சம் தாங்கும். காட்டு மரங்களுக்கு மேலே நின்றால் அந்தத் தாங்கலும் கிடைக்காது. அதோடு வெப்பக் காற்று அடர்த்தி குறைந்தது, ஈரப்பதம் சேர்ந்தால் இன்னும் குறையும். மத்தியான வெயில், மழைக்காடு, உயரமான மரம் என்று மூன்றும் ஒன்றாகச் சேரும் இடம் நம் மலேசியா. நம் காட்டுத் துவாலாங் மரம் 80 மீட்டரைத் தொடும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் லாசாவுக்குப் போய் மலைத்தொடரை ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். அங்கே ஒருவர் விழுந்து கிடந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே மீட்பு ஹெலிகாப்டருக்கு என்னென்ன வேண்டும் என்று பாதி தெரிந்துவிடும்.

போர்க்களத்தில் ஹெலிகாப்டர் செய்த முதல் மீட்பும் இதே மாதிரி வெக்கையில்தான் நடந்தது. 1944 ஏப்ரல் கடைசி, பர்மா. ஓர் அமெரிக்க விமானியும் காயம்பட்ட மூன்று பிரிட்டிஷ் சிப்பாய்களும் இருந்த சிறிய விமானம் ஜப்பானியர் பகுதியில் விழுந்துவிட்டது. கார்ட்டர் ஹார்மன் என்ற லெப்டினன்ட் சிகோர்ஸ்கி ஆர்-4 ரக ஹெலிகாப்டரில் போனார். அதன் எஞ்சின் சுமார் 200 குதிரைத்திறன்தான். விமானி போக இன்னும் ஒரே ஒரு ஆளைத்தான் தூக்கும். ஒவ்வொருவராகக் கொண்டுபோய் ஆற்று மணல்திட்டில் விட, அங்கிருந்து சிறிய விமானம் ஏற்றிப்போனது. நடுவில் எஞ்சின் சூடேறி நின்றுவிட்டது. மிச்சம் இருந்தவர்களை மறுநாள்தான் எடுக்க முடிந்தது. நான்கு பேரும் பிழைத்தார்கள். ஆனால் ஒரு தடவைக்கு ஒரு ஆள்தான், அதுவும் எஞ்சின் மூச்சு வாங்க வாங்க. பிற்காலத்தில் வந்த எல்லா மாற்றத்துக்கும் காரணம் அந்த இரண்டு நாளிலேயே தெரிந்துவிட்டது என்பேன்.

அடுத்த கட்டம் நம் ஊரில். இதைப் பற்றி நம் பிள்ளைகள் அவ்வளவாகக் கேள்விப்படுவதில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1948 ஜூன் 16-ஆம் தேதி இதே சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம் பிரகடனம் ஆனது, 1960 வரை நீடித்தது. அந்தக் காலத்துப் பெரியவர்கள் முள்வேலி, ஊரடங்கு, அரிசிக் கட்டுப்பாடு பற்றியெல்லாம் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காட்டுக்குள் ரோந்து போன பட்டாளத்துக்கு இருந்த கஷ்டம் வேறு. ஒருவருக்குக் குண்டு பட்டால் தூளியில் கட்டித் தோளில் சுமந்து, ஆறும் மேடும் தாண்டி நாள் கணக்கில் நடக்க வேண்டும். சுமப்பதற்கே பல பேர் தேவை. காயம்பட்டவர் வழியிலேயே போய்விடுவதும் உண்டு.

இதற்காகவே பிரிட்டிஷ் விமானப்படை 1950-இல் சிங்கப்பூரில் காயம்பட்டவர்களை ஏற்றி வர ஒரு சிறு பிரிவைத் தொடங்கியது. கையில் இருந்தது மூன்று வெஸ்ட்லாண்ட் டிராகன்ஃபிளை ஹெலிகாப்டர்கள். பிரிட்டிஷ் விமானப்படை ஹெலிகாப்டரைக் களத்தில் முழுநேரமாக இறக்கிய முதல் இடங்களில் மலாயா ஒன்று. 1953-இல் அந்தப் பிரிவு 194-ஆம் ஸ்குவாட்ரன் ஆனது. அதே ஆண்டு பிரிட்டிஷ் கடற்படையின் 848-ஆம் ஸ்குவாட்ரன் அதைவிடப் பெரிய சிகோர்ஸ்கி எஸ்-55 ரகத்தோடு வந்து இறங்கியது. டிராகன்ஃபிளைக்கு நம் வெயிலில் மூச்சு முட்டியது. ஒரு காயக்காரரை ஏற்றுவதற்கே எரிபொருளைக் கணக்குப் பார்த்துக் குறைக்க வேண்டியிருந்தது. இறங்குவதற்குச் சிப்பாய்கள் மரத்தை வெட்டித் திடல் போட்டுக் கொடுக்க வேண்டும். திடலைச் சுற்றி உயரமான மரங்கள் நின்றால் நேராக மேலே எழும்ப வேண்டும், அதற்குத்தான் சக்தி போதாது. ஹெலிகாப்டர் காட்டில் உதவும் என்பதும், அந்த அளவு எஞ்சின் காட்டுக்குப் போதாது என்பதும் ஒரே நேரத்தில் மலாயாவில் உறுதியாயின.

அதே 1950-இல் கொரியப் போர். மருத்துவமனைக்குக் காயக்காரர்களைக் கொண்டுவர பெல் எச்-13 ஹெலிகாப்டரின் இரண்டு பக்கமும் வெளியே ஸ்ட்ரெச்சர் கட்டிப் பறந்தார்கள். அது காயக்காரர்களை ஏற்றிவரும் வேலை. விழுந்த விமானியை எதிரி பகுதிக்குள் போய் எடுத்து வருவது இன்னொரு வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டாவது வேலையைக் கொரியாவில் முதலில் செய்தவர் பால் வான் போவன். 1950 செப்டம்பர் 4-ஆம் தேதி எச்-5 ரக ஹெலிகாப்டரில் போய் ராபர்ட் வெய்ன் என்ற போர் விமானியைத் தூக்கி வந்தார்.

எல்லா முயற்சியும் அப்படி முடியவில்லை. 1951 ஜூலை 3-ஆம் தேதி கடற்படை விமானி ஜான் கோல்ஷ், மூடுபனிக்குக் கீழே, துணை விமானங்கள் பார்க்க முடியாத இடத்தில் தனியாக நுழைந்தார். கீழே கிடந்தவரைத் தூக்கும்போதே சுடப்பட்டு ஹெலிகாப்டர் விழுந்தது. பிடிபட்டுச் சிறை முகாமில் இறந்தார். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானரைப் பெற்ற முதல் ஹெலிகாப்டர் விமானி அவர்தான். அவர் ஓட்டியதில் கவசம் இல்லை, துப்பாக்கி இல்லை, மேலே காவலும் இல்லை.

இந்த மூன்றும் வியட்நாமில்தான் வந்து சேர்ந்தன. ஆனால் உடனே இல்லை. 1964-இல் அமெரிக்க விமானப்படை அங்கே கொண்டுபோனது கேமன் எச்எச்-43 ஹஸ்கி. விமானத் தளத்தில் விபத்து நடந்தால் தீயணைக்கும் உருண்டைக் கலனைத் தூக்கிக்கொண்டு பறந்துபோவதற்கு வைத்திருந்தது அது. ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சுழலும் இரண்டு ரோட்டர், வால் ரோட்டர் கிடையாது. அந்தரத்தில் நிற்பதில் கெட்டிக்காரன். தூரம் போகத்தான் முடியாது. கேபினுக்குள்ளேயே எரிபொருள் பீப்பாயை ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். வின்ச் கேபிளும் முதலில் 30 மீட்டர் அளவுதான். அங்கே மரமே அதைவிட உயரம். கேபிள் போய்ச் சேராமல் மேலே ஹெலிகாப்டரும் கீழே ஆளும் தவித்தார்கள். பிறகு 75 மீட்டர் அளவுக்கு நீட்டி, எஞ்சினை வலுவாக்கி, கவசமும் சேர்த்தார்கள்.

வின்ச் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டீர்கள். அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவன் என்பதால் ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். அந்த எஃகுக் கேபிளின் தடிமன் 5 மில்லிமீட்டர்கூட முழுசாக இருக்காது. ஆனால் 270 கிலோ அளவு தாங்கும். பல மெல்லிய இழைகளை முறுக்கிச் செய்தது. ஒரே ஓர் இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலும் ஆபத்து. அதனால் முழுக் கேபிளையும் வெளியே இறக்கி, பருத்தித் துணியைச் சுற்றிப் பிடித்து மெதுவாக ஓட விடுவோம். அறுந்த இழை இருந்தால் துணியில் சிக்கும். கண்ணுக்குத் தெரியாதது துணிக்குத் தெரியும். அப்புறம், பறக்கும் ஹெலிகாப்டரின் உடம்பில் மின்னூட்டம் சேர்ந்திருக்கும். கொக்கி முதலில் தரையையோ தண்ணீரையோ தொட்ட பிறகுதான் கீழே இருப்பவர் அதைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் ஆளைத் தூக்கியடிக்கும். கேபிள் மரத்தில் சிக்கிக்கொண்டால் ஹெலிகாப்டரையே இழுத்துக் கவிழ்த்துவிடும். அதற்காகச் சின்ன வெடியால் கேபிளைத் துண்டிக்கும் கருவி வின்சிலேயே இருக்கும். கீழே ஆள் தொங்கும்போது அந்தப் பொத்தானை அழுத்துவதா வேண்டாமா என்பதுதான் இந்த வேலையில் மிகக் கொடுமையான முடிவு.

கேபிளின் நுனியில் என்ன கட்டுவது என்பதும் வியட்நாமில்தான் தீர்ந்தது. சாதாரண வளையம் இலைக்கூட்டத்தில் மாட்டிக்கொள்ளும். அதனால் காட்டை ஊடுருவி இறங்க, கனமான, கூர் முனை கொண்ட ஒரு கருவி செய்தார்கள். குடை மாதிரி மடங்கியபடி கிளைகளுக்கு நடுவே இறங்கும். கீழே போனதும் மூன்று சிறிய இருக்கைகளை விரித்து உட்கார்ந்து, பட்டையை மாட்டிக்கொள்ளலாம். இந்த வேலையின் வரலாற்றில் விலை குறைவாக, பலன் பெரிதாகக் கிடைத்த பொருள் இதுதான் என்பது என் கருத்து.

1965-இல் எச்எச்-3ஈ வந்தது. பச்சை வண்ணத்தில் பெரிய உடம்போடு இருந்ததால் ஜாலி கிரீன் ஜயன்ட் என்று பேர். இங்கே ஓர் உறவைச் சொல்ல வேண்டும். நம் வானத்தில் அரை நூற்றாண்டு பறந்த நூரி இருக்கிறதே, அது இதே சிகோர்ஸ்கி எஸ்-61 குடும்பம். 1968-இல் நம் விமானப்படைக்கு வந்தது. எச்எச்-3ஈக்குப் பின்பக்கம் சாய்வுக் கதவு உண்டு, நூரிக்குப் பக்கக் கதவு. எஞ்சின் இரண்டுக்கும் டி58 வகைதான், இரண்டிரண்டு. வெள்ளத்தில் வீட்டுக் கூரையில் இருந்து ஆட்களைத் தூக்கிய நூரியைப் பார்த்தவர்களுக்கு ஜாலி கிரீனின் உருவம் பழக்கமாகவே தெரியும்.

இரட்டை டர்பைன் எஞ்சின் வந்ததால்தான் டைட்டானியம் கவசம், துப்பாக்கி, கூடுதல் டாங்கி எல்லாம் ஏற்ற முடிந்தது. ஆனாலும் ஒரு கணக்கு இடித்தது. முழு எரிபொருளோடு கிளம்பினால் அந்தரத்தில் நிற்க முடியாத எடை, எரிபொருள் குறைவாக இருந்தால் போய்ச் சேர முடியாது. இதற்குக் கிடைத்த தீர்வு பறக்கும்போதே எரிபொருள் நிரப்புவது. ஹெலிகாப்டரின் மூக்கில் இருந்து நீண்ட குழாய், முன்னால் போகும் ஹெர்குலிஸ் விமானத்தின் பின்னால் தொங்கும் ஹோஸ். ஹெலிகாப்டர் தன் முழு வேகத்தில் ஓட வேண்டும், ஹெர்குலிஸோ விழாமல் எவ்வளவு மெதுவாகப் போக முடியுமோ அவ்வளவு மெதுவாகப் போக வேண்டும். ஹோஸ் கொஞ்சம் ஆடினால் ரோட்டர் அதை வெட்டிவிடும். 1967-இல் இரண்டு எச்எச்-3ஈ ஹெலிகாப்டர்கள் நியூயார்க்கில் கிளம்பி, வழியில் ஒன்பது தடவை நிரப்பிக்கொண்டு, எங்கும் இறங்காமல் 30 மணி 46 நிமிடத்தில் பாரிஸ் போய்ச் சேர்ந்தன. இதற்குப் பிறகு எடையும் தூரமும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்வது குறைந்தது. குறைவான எரிபொருளோடு மேலே எழும்பி, வழியில் நிரப்பி, எதிரி பகுதிக்கு வெளியே காத்திருக்கலாம். மொத்த வரலாற்றில் பெரிய திருப்பம் எது என்று கேட்டால், கவசத்தையோ துப்பாக்கியையோ சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

ஹெலிகாப்டர் தனியாகப் போகும் பழக்கமும் அங்கே முடிந்தது. தாழப் பறந்து எதிரியின் துப்பாக்கிகளை அடக்க ஏ-1 ஸ்கைரெய்டர் விமானங்கள், மேலே இருந்து எல்லாரையும் ஒருங்கிணைக்க ஹெர்குலிஸ், அப்புறம் இரண்டு ஹெலிகாப்டர்கள். ஒன்று இறங்கும், மற்றது உயரத்தில் காத்திருக்கும். இறங்கியது விழுந்தால் அதன் ஆட்களை எடுக்க இரண்டாவது. அதே போரில்தான் இன்னும் பெரிய எச்எச்-53 ரகமும் வந்தது.

இவ்வளவு இருந்தும் தோற்ற நாட்கள் உண்டு. 1972 ஏப்ரல் 2-ஆம் தேதி அமெரிக்காவின் ஈபி-66 விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டது, ஐசீல் ஹாம்பில்டன் என்ற அதிகாரி ஒருவர் மட்டும் தப்பினார். அவர் இறங்கியது வட வியட்நாமின் பெரும்படைக்கு நடுவில். ஏப்ரல் 6-ஆம் தேதி அவரை எடுக்கப் போன எச்எச்-53 சுடப்பட்டு, அதில் இருந்த ஆறு பேரும் இறந்தார்கள். கடைசியில் தாமஸ் நாரிஸ் என்ற கடற்படைச் சிறப்புப் படை அதிகாரியும் நுயென் வான் கியெட் என்ற தென் வியட்நாம் வீரரும் இரவில் ஆற்று வழியே படகில் போய் அவரைக் கொண்டுவந்தார்கள். ஒருவரைக் காப்பாற்ற இத்தனை பேரை இழக்கலாமா என்ற கேள்வி அன்றிலிருந்து இன்றுவரை ஓயவில்லை. கைவிடமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான் ஒரு விமானியை எதிரி வானத்துக்குள் அனுப்புகிறது, அதனால் போகத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் எதிரியின் ஆயுதம் என்ன என்று தெரியாமல் பகல் வெளிச்சத்தில் போவது வீரம் இல்லை. அந்தப் பாடத்துக்குக் கொடுத்த விலை அதிகம்.

பிறகு கவனம் இரவின் பக்கம் திரும்பியது. எச்எச்-53-இல் நிலத்தின் மேடு பள்ளத்தைப் பார்த்துத் தாழப் பறக்க உதவும் ரேடாரும் வெப்பத்தைக் காட்டும் கேமராவும் பொருத்தி, 1970களின் முடிவில் பேவ் லோ என்ற ரகம் உருவானது. ஆனால் அதைச் சிறப்புப் படைகள் எடுத்துக்கொண்டன. மீட்புப் பிரிவுக்குக் கிடைத்தது, தரைப்படையின் பிளாக் ஹாக்கில் எரிபொருள் குழாயும் கூடுதல் கருவிகளும் சேர்த்த எச்எச்-60ஜி பேவ் ஹாக், 1982-இல். சின்ன உடம்பு. தூரம் போக, கேபினுக்குள்ளேயே கூடுதல் டாங்கி வைத்தார்கள். காயக்காரரைப் படுக்க வைக்கும் இடத்தை டாங்கி தின்றது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் வேலை முழுக்க இதன் தலையில்தான். ஆப்கன் மலை உயரத்திலும் கோடை வெயிலிலும் அந்தரத்தில் நிற்க அதற்கு இருந்த சிரமத்தைக் கேட்டால், நம் காட்டில் டிராகன்ஃபிளை பட்ட பாட்டின் தொடர்ச்சி என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்கு மாற்று தேடியதில் மட்டும் வருடக்கணக்கில் போனது. 2006-இல் பெரிய இரட்டை ரோட்டர் சினூக்கின் மீட்பு வடிவத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். போட்டியில் தோற்ற நிறுவனங்கள் முறையிட்டன, முறையீடு ஏற்கப்பட்டது, 2009-இல் திட்டமே ரத்தானது. பெரியது நல்லது என்று ஒரு பக்கம். பெரிய ரோட்டர் அடிக்கும் காற்றில் கீழே இருப்பவர் நிற்கவே முடியாது, சின்ன இடத்தில் இறங்கவும் முடியாது என்று இன்னொரு பக்கம். இரண்டிலும் நியாயம் இருந்தது. 2014-இல் மறுபடியும் பிளாக் ஹாக் வழிக்கே வந்து சிகோர்ஸ்கிக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள். எச்எச்-60டபிள்யூ 2019 மே மாதம் முதல் தடவை பறந்தது. ஜாலி கிரீன் டூ என்று வியட்நாம் காலத்துப் பேரையே வைத்தார்கள். கேபினுக்கு வெளியே உள்ள டாங்கியே சுமார் 2,500 லிட்டர் கொள்ளும், பழையதில் சுமார் 1,360 லிட்டர்தான். கேபின் காயக்காரருக்கே திரும்பக் கிடைத்தது. நீங்கள் வெளியில் இருந்து பார்த்தால் பழையதும் புதியதும் ஒன்றுபோலத்தான் தெரியும். உள்ளே படுக்கிறவருக்குத்தான் வித்தியாசம்.

113 வாங்குவதாக இருந்ததை 2022-இல் 75-ஆகக் குறைக்கப் பார்த்தது அமெரிக்க விமானப்படை. பிறகு அந்த நாட்டு நாடாளுமன்றம் சிலவற்றைச் சேர்த்தது. காரணம் பசிபிக் கடலின் தூரமும் இன்றைய ஏவுகணைகளும். ஹெலிகாப்டர் அங்கே தாக்குப்பிடிக்குமா என்ற சந்தேகம் நியாயமானதே.

நம் நாட்டுக்கு வருவோம். நூரி 2019-இல் தரையிறக்கப்பட்டு, பிறகு ஓய்வு பெற்றது. அதற்கு முன்பே, 2012 முதல், பன்னிரண்டு ஈசி725 ஹெலிகாப்டர்கள் நம் விமானப்படைக்கு வந்தன. பிரெஞ்சு விமானப்படையின் போர்க்கள மீட்புத் தேவைக்காக, பழைய சூப்பர் பூமாவில் இருந்து வளர்த்தெடுத்த ரகம் இது. ரோட்டரில் நான்கு இறக்கைக்குப் பதில் ஐந்து, வலுவான எஞ்சின், 11 டன் எடை. விமானப்படையின் பாஸ்காவ் சிறப்புப் படைக்குப் போர்க்கள மீட்பும் ஒரு வேலை. நாம் இதை அதிகம் பார்ப்பது வெள்ளத்தில்தான். 2014 டிசம்பர் கிளந்தான் வெள்ளத்தில் நூரியும் இதுவும் சேர்ந்தே ஓடின. போருக்காகச் சேர்த்த தூரம், இரவுப் பார்வை, வின்ச் எல்லாம் அங்கே அப்படியே பயன்பட்டன.

சரி, ட்ரோன் கேள்வி. தேடுவதற்கு ட்ரோன் நல்லது. ரேடியோ, தண்ணீர், மருந்து போடவும் நல்லது. ஆளைத் தூக்குவதில்தான் சிக்கல். விமானத்தில் இருந்து இருக்கையோடு வெடித்து வெளியேறி, மரத்தில் மோதி இறங்கியவருக்கு முதுகு அடிபட்டிருக்கலாம், கை உடைந்திருக்கலாம், நினைவே இல்லாமல் இருக்கலாம். கொக்கியை அவரே மாட்டிக்கொள்வார் என்று நம்பி இருக்க முடியாது. அதனால்தான் மீட்பு ஹெலிகாப்டரில் மருத்துவமும் சண்டையும் பயின்ற வீரர்கள் கேபிளில் கீழே இறங்குகிறார்கள். 1966 ஏப்ரல் 11-ஆம் தேதி வில்லியம் பிட்சன்பார்கர் என்ற 21 வயது வீரர் ஹஸ்கியில் இருந்து அப்படி இறங்கி, ஒன்பது காயக்காரர்களைக் கட்டி மேலே அனுப்பினார். ஹெலிகாப்டர் சுடப்பட்டபோது அவரும் ஏறிப் போயிருக்கலாம். போகச் சொல்லிக் கை காட்டிவிட்டு, மிச்சம் இருந்தவர்களோடு நின்று, அன்றே கொல்லப்பட்டார். மெடல் ஆஃப் ஹானர் அவருக்கு 2000-இல்தான் வந்தது.

அந்த வேலையைச் செய்யும் இயந்திரம் இன்னும் இல்லை. விமானி இல்லாமல் பறக்கும் ஹெலிகாப்டர் வரலாம், வந்தால் விமானிகளின் உயிராவது மிஞ்சும். அப்போதும் பின்னால் ஒரு வின்சும், கீழே இறங்குகிற ஆளுக்கும் அவர் தூக்கி வருகிறவருக்கும் இடமும் வைத்துத்தான் அதைச் செய்ய வேண்டியிருக்கும்.